காயிலுக்கு எத்தனை சுத்து, ரோட்டாருக்கு எத்தனை ஆர்பிஎம்: ஜெனரேட்டர் பண்றவங்க திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விகள்

சொந்தமா ஜெனரேட்டர் பண்ணிப் பாக்கணும்னு இறங்குற எல்லாரும் கடைசில வந்து நிக்கிறது ரெண்டே இடத்துலதான், காயில்ல எத்தனை சுத்து சுத்தணும், ரோட்டார் (ஜெனரேட்டர்ல சுத்துற பாகம்) எவ்வளவு வேகமா ஓடணும். ஒரே பதிலை பத்து பேருக்கு தனித்தனியா சொல்லி முடிச்சதும் இதை ஒரே இடத்துல எழுதி வச்சிடலாம்னு தோணுச்சு. நம்ம பேச்சுல காயில்ல வயர் சுத்துறதும் சுத்துதான், ரோட்டார் சுத்துறதும் சுத்துதான், பாதி குழப்பம் அங்கேயே ஆரம்பிக்குது. அதனால இங்க வயர் எத்தனை தடவை போகுதோ அதை மட்டும் "சுத்து"ன்னும், ரோட்டார் ஒரு நிமிஷத்துல எத்தனை தடவை திரும்புதோ அதை "ஆர்பிஎம்"னும் எழுதுறேன்.

காயில்ல சுத்து கூட கூட ஏன் வோல்டேஜ் கூடுது?

ஒரு வளையத்துக்குள்ள போற காந்தப்புலம் மாறிக்கிட்டே இருந்தா அந்த வளையத்துல வோல்டேஜ் வரும், ஃபாரடே 1831ல கண்டுபிடிச்சது இதைத்தான். ஒரு சுத்துல வர்ற வோல்டேஜ் ரொம்ப கம்மி. ஆனா அதே வயர் தொடர்ச்சியா பத்து தடவை அதே இடத்தை சுத்தி வந்தா, பத்து சின்ன பேட்டரியை வரிசையா கோத்த மாதிரி எல்லாம் கூடி வெளிய வரும்.

"மாறிக்கிட்டே இருந்தா"ங்கறதுதான் இதுல முக்கியம். எவ்வளவு பெரிய காந்தத்தை காயில் மேல கொண்டுபோய் ஒட்டி வச்சாலும் அது அசையாம இருந்தா வோல்டேஜ் பூஜ்யம்தான்.

ஆர்பிஎம் டபுள் ஆனா வோல்டேஜும் டபுள் ஆகுமா?

நிலைக்காந்தம் வச்ச ஜெனரேட்டர்ல, லோடு (பல்ப், பேட்டரி மாதிரி கரண்ட் இழுக்குறது) எதுவும் போடாம அளந்தா, ஆமா, அப்படியே டபுள் ஆகும். 200 ஆர்பிஎம்ல 6 வோல்ட் வந்தா 400ல 12 வோல்ட். அதே நேரத்துல ஹெர்ட்ஸும் (ஏசி ஒரு செகண்டுக்கு எத்தனை தடவை முன்னும் பின்னும் மாறுதோ அது) டபுள் ஆகும், இதை பல பேர் கவனிக்கிறதில்ல. லோடு போட்டா கதை மாறும், அதை கீழ தனியா சொல்றேன்.

ஆர்பிஎம்முக்கும் ஹெர்ட்ஸுக்கும் என்ன கணக்கு? 1500ங்கற நம்பர் எங்கேருந்து வருது?

போல்னா ரோட்டார்ல மாறி மாறி வர்ற வட, தென் காந்த முனை. போல் எண்ணிக்கையை ஆர்பிஎம்மால பெருக்கி 120ஆல வகுத்தா ஹெர்ட்ஸ். 4 போல் மெஷின் 1500 ஆர்பிஎம்ல ஓடினா 50 ஹெர்ட்ஸ். 2 போல்னா அதே 50க்கு 3000 வேணும். 60 ஹெர்ட்ஸ் வேணும்னா 1800, 3600. காயில்ல எத்தனை சுத்து இருந்தாலும் இந்தக் கணக்குல ஒண்ணும் மாறாது. சுத்தை ஏத்தி ஹெர்ட்ஸை ஏத்த முடியுமான்னு கேக்குறவங்களுக்கு இதுதான் பதில், முடியாது.

இதுக்கு எனக்கு ரொம்ப பிடிச்ச உதாரணம் பிரேசில் பராகுவே எல்லைல இருக்குற இதாய்ப்பு அணை. ஒரே ஆறு, ஒரே அணை, ஆனா 20 ஜெனரேட்டர்ல 10 வந்து பராகுவேக்கு ஏத்த 50 ஹெர்ட்ஸ், மீதி 10 பிரேசிலுக்கு ஏத்த 60 ஹெர்ட்ஸ். தண்ணி டர்பைனை மெதுவாதான் சுத்தும், அதனால 50 ஹெர்ட்ஸ் மெஷினுக்கு 66 போல் வச்சு 90.9 ஆர்பிஎம், 60 ஹெர்ட்ஸ் மெஷினுக்கு 78 போல் வச்சு 92.3 ஆர்பிஎம். ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே வேகத்துல ஓடுது, போல் எண்ணிக்கைதான் வித்தியாசம். வேகம் கம்மியா இருக்கா, போலை ஏத்து, இதுதான் வழி.

சரி, சுத்துக்கான ஃபார்முலாவை நேரா சொல்லுங்க

ஒரு ஃபேஸுக்கு (ஒண்ணா சேர்ந்து ஒரே வோல்டேஜ் தர்ற காயில் கூட்டம்), வோல்டேஜ் = 4.44 × ஹெர்ட்ஸ் × சுத்து × ஒரு போலோட ஃப்ளக்ஸ் × வைண்டிங் ஃபேக்டர்.

அந்த 4.44 ஏதோ அனுபவத்துல வந்த நம்பர் இல்ல, 2π-ஐ (ரெண்டு தடவை 3.14) ரூட் ரெண்டால வகுத்தா வர்றது, சைன் வேவோட ஆர்எம்எஸ் மதிப்புக்காக, அதாவது ஏசி மீட்டர் காட்டுற மதிப்புக்காக. ஃப்ளக்ஸ்னா காந்தப்புலத்தோட அடர்த்தியை டெஸ்லாவுல எடுத்து பரப்பளவை சதுர மீட்டர்ல போட்டு பெருக்கினது, யூனிட் வெபர். சதுர செ.மீ.ல போட்டுட்டு சுத்து எண்ணிக்கை விநோதமா வருதுன்னு வந்தவங்க நிறைய பேர், அதனால மீட்டருக்கு மாத்திட்டு போடுங்க. வைண்டிங் ஃபேக்டர்ங்கறது காயிலோட அகலம் காந்தத்தோட இடைவெளிக்கு சரியா பொருந்தாததால வர்ற குறைவு. 12 காந்தம் 9 காயில்னு பண்ற டிசைனுக்கு அது 0.866.

நான் காத்தாடி பண்றேன், 12 வோல்ட் பேட்டரி சார்ஜ் ஆகணும். எத்தனை சுத்து போடட்டும்?

இந்தக் கேள்விக்கு நான் எப்பவும் திருப்பிக் கேக்குறது, எத்தனை ஆர்பிஎம்ல சார்ஜ் ஆக ஆரம்பிக்கணும்? முதல்ல வேகம், அப்புறம்தான் சுத்து. அது தெரியாம யாராவது 80 போடுங்க 100 போடுங்கன்னு சொன்னா அது வெறும் யூகம்தான்.

உதாரணத்துக்கு இறக்கை விட்டம் 2 மீட்டர்னு வைங்க, காத்து செகண்டுக்கு 3 மீட்டர் வேகத்துல வந்தா சார்ஜ் ஆரம்பிக்கணும். நல்லா செதுக்கின மூணு இறக்கை காத்தாடில இறக்கை நுனி காத்தை விட 7 மடங்கு வேகமா போகும்னு எடுத்துக்கலாம், அப்ப நுனி செகண்டுக்கு 21 மீட்டர். ஒரு முழு சுற்றளவு 6.28 மீட்டர், வகுத்தா செகண்டுக்கு 3.34 தடவை, நிமிஷத்துக்கு 200. ஆர்பிஎம் கிடைச்சாச்சு. 12 போல் இருந்தா ஹெர்ட்ஸ் 20.

இப்ப வோல்டேஜ். பேட்டரி 12.6, ஏசியை டிசியா மாத்துற டயோட் பிரிட்ஜ்ல ரெண்டு டயோட் வழியா போறதுல 1.4 போயிடும், மொத்தம் 14 வோல்ட் டிசி வேணும். மூணு ஃபேஸை ஸ்டார்ல கட்டி (மூணோட ஒரு முனையை ஒண்ணா சேர்த்து) டயோட் பிரிட்ஜ் போட்டா டிசி வந்து ஃபேஸ் வோல்டேஜோட 2.34 மடங்கு, அப்ப ஒரு ஃபேஸுக்கு 6 வோல்ட் போதும். 9 காயில் மூணு ஃபேஸ்னா ஃபேஸுக்கு மூணு காயில் சீரிஸ்ல, ஒரு காயிலுக்கு 2 வோல்ட். காந்தம் 46க்கு 30 மி.மீ., ரெண்டு பக்கமும் காந்தத் தட்டு வச்சு நடுவுல 0.6 டெஸ்லா வருதுன்னு எடுத்தா ஃப்ளக்ஸ் 0.00083 வெபர். எல்லாத்தையும் மேல சொன்ன ஃபார்முலால போட்டா ஒரு சுத்துக்கு 0.064 வோல்ட். 2ஐ அதால வகுத்தா 31.3, அதாவது காயிலுக்கு 32 சுத்து. இதோட வயரை எடுத்து சுத்த ஆரம்பிச்சிடாதீங்க, அடுத்த பதிலையும் படிச்சிடுங்க.

0.6 டெஸ்லான்னு நீங்க சொல்லிட்டீங்க, என் காந்தத்துக்கு எவ்வளவுன்னு எனக்கு எப்படி தெரியும்? மீட்டர் எல்லாம் என்கிட்ட இல்ல

இந்தப் பக்கத்துல ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கிட்டு போறதா இருந்தா இதை எடுத்துக்கோங்க, டெஸ்ட் காயில். உண்மையான காயிலோட அதே அளவு, அதே தடிமன்ல பத்தே பத்து சுத்து சுத்துங்க. கையில இருக்குற ஏதோ ஒரு எனாமல் வயர் போதும், முனைல எனாமலை பிளேடால செம்பு பளிச்சுன்னு தெரியிற வரைக்கும் சுரண்டிடுங்க, சுரண்டாம மீட்டரை வச்சுட்டு ஒண்ணுமே வரலன்னு சொன்னவங்க இருக்காங்க. காயிலை அதோட இடத்துல அசையாம பிடிச்சு வச்சுட்டு, ரோட்டாரை டிரில்ல மாட்டி சுத்தி ஏசி வோல்டேஜை அளந்துடுங்க.

நான் பண்ணப்ப மேல சொன்ன அதே அளவு காந்தத்துக்கு 500 ஆர்பிஎம்ல பத்து சுத்துக்கு 1.45 வோல்ட் வந்துச்சு. அப்ப ஒரு சுத்துக்கு 0.145, 200 ஆர்பிஎம்முக்கு இறக்கினா 0.058. 2 வோல்ட்டை அதால வகுத்தா 34.5, அப்ப 35 சுத்து. பேப்பர்ல 32 வந்தது இங்க 35 ஆயிடுச்சு, ஏன்னா காந்தப்புலம் ஓரத்துல கொஞ்சம் கசியும், காயிலோட உள்சுத்தும் வெளிசுத்தும் ஒரே அளவு ஃப்ளக்ஸைப் பிடிக்காது, இடைவெளி நாம நினைச்சதை விட ஒரு மி.மீ. கூடியிருக்கும். டெஸ்ட் காயில் இது எல்லாத்தையும் தானா சேர்த்தே சொல்லிடுது. இந்த ரெண்டுல எதை நம்பணும்னு கேட்டா நான் டெஸ்ட் காயிலைத்தான் நம்புவேன்.

ஆர்பிஎம் மீட்டர் இல்லையேன்னு கவலைப்படவும் வேணாம், மல்டிமீட்டர்ல ஹெர்ட்ஸ் ரேஞ்ச் இருந்தா அதே காயில்லயே ஹெர்ட்ஸை பாத்து 120ஆல பெருக்கி போலால வகுத்தா ஆர்பிஎம். 12 போல்ல 50 ஹெர்ட்ஸ்னா 500.

200 ஆர்பிஎம்தானே வேணும், டெஸ்டை ஏன் 500ல பண்ணீங்க?

மல்டிமீட்டருக்காகத்தான். சாதாரண மீட்டர் நிறையவற்றுல ஏசி ரேஞ்ச் 40 ஹெர்ட்ஸ்லேருந்து 400 வரைக்கும்தான் சரியா காட்டும்னு அதோட மேனுவல்லயே போட்டிருக்கும். 200 ஆர்பிஎம்ல நமக்கு வர்றது வெறும் 20 ஹெர்ட்ஸ், அங்க மீட்டர் தப்பா காட்டலாம், நம்பரும் நின்னு காட்டாம ஆடிக்கிட்டே இருக்கும். 50 ஹெர்ட்ஸ்ல அளந்துட்டு வேகத்துக்கு ஏத்த மாதிரி வகுத்துக்கிட்டா பிரச்சனையே இல்ல, ரெண்டாவது கேள்வில சொன்ன மாதிரி லோடு இல்லாதப்ப வோல்டேஜ் நேரா வேகத்தோடவே போகும்.

அதே மெஷின்ல 24 வோல்ட் வேணும்னா என்ன பண்ணணும்?

சுத்தை டபுள் பண்ணுங்க, வயரோட குறுக்குவெட்டை பாதியாக்குங்க. 17 கேஜ்ல 35 சுத்து போட்டிருந்தா, 19 கேஜ்ல 70 சுத்து. 17 கேஜ் 1.42 மி.மீ., 19 கேஜ் 1.02 மி.மீ., விட்டம் பாதி ஆகல ஆனா பரப்பு பாதி ஆயிடுச்சு, அதனால அதே இடத்துல அடங்கும், செம்போட எடையும் அதேதான்.

அப்போ சுத்தை ஏத்திக்கிட்டே போனா பவரும் ஏறிக்கிட்டே போகும்தானே?

இல்ல. நல்ல கைவேலைக்காரங்க கூட இதுல ஏமாந்து போறதை பாத்திருக்கேன், அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன். மேல 24 வோல்ட்டுக்கு மாத்தினப்ப வயர் நீளம் டபுள், பரப்பு பாதி, அப்ப ரெசிஸ்டன்ஸ் நாலு மடங்கு. அதே பவருக்கு ஆம்ப்ஸ் பாதி, ஆம்ப்ஸோட வர்க்கம் கால். நாலை காலால பெருக்கினா ஒண்ணு, அதாவது காயில்ல சூடா போற நஷ்டம் முன்ன எவ்வளவோ அவ்வளவேதான். சுத்துங்கறது வோல்டேஜையும் ஆம்ப்ஸையும் மாத்திக்கிற வழி மட்டும்தான், பவர் வர்றது ஷாஃப்ட்லேருந்து. 2 மீட்டர் காத்தாடில காத்து செகண்டுக்கு 6 மீட்டர் வேகத்துல வந்தா அந்த வட்டத்துக்குள்ள வர்ற மொத்த பவரே சுமார் 400 வாட்ஸ்தான், அதுல மூணுல ஒரு பங்கு ஷாஃப்ட்டுக்கு வந்தாலே நல்ல இறக்கைன்னு சொல்லணும், எந்த வைண்டிங்கும் அதுக்கு மேல தராது.

நஷ்டத்தையும் ஒரு தடவை நம்பரா பாத்துடுங்க. 35 சுத்து, மூணு காயில், சராசரியா ஒரு சுத்துக்கு 20 செ.மீ.னா ஒரு ஃபேஸுக்கு 21 மீட்டர் வயர். 17 கேஜ்ல அது 0.23 ஓம். ஃபேஸ்ல 10 ஆம்ப்ஸ் போனா 23 வாட்ஸ் சூடு, மூணு ஃபேஸுக்கும் சேத்து 69. அதே 20 ஆம்ப்ஸ் போனா 276 வாட்ஸ், ரெசின்ல ஊத்தி வச்ச காயில் அதுல வெந்துடும். இடம் இருந்தா ரெண்டு வயரை ஒண்ணா பிடிச்சு சுத்துங்க, சுத்து எண்ணிக்கை அதே 35தான், ரெசிஸ்டன்ஸ் பாதியாயிடும்.

கணக்கு சரியா போட்டேன், டெஸ்ட் காயிலும் பண்ணேன், எல்லா காயிலையும் சேர்த்ததும் ஒரு ஃபேஸ்ல மூணுல ஒரு பங்குதான் வருது

ஒரு காயில் தலைகீழா சேர்ந்திருக்கு. மூணு காயில்ல ரெண்டு கூட்டுது, ஒண்ணு கழிக்குது, மிச்சம் ஒரு காயில் வோல்டேஜ். சரியா மூணுல ஒண்ணுங்கறதே அதுக்கு அடையாளம். எனக்கும் இது நடந்திருக்கு, நல்லவேளை ரெசின் ஊத்தறதுக்கு முன்ன தெரிஞ்சுது, ஊத்தின பிறகுன்னா மொத்தமும் போயிருக்கும். ஒவ்வொரு காயிலுக்கும் ஆரம்ப முனைல ஒரு கலர் டேப் ஒட்டிட்டு சேர்த்தா தப்பு வராது.

மூணுல ஒண்ணுன்னு இல்லாம கொஞ்சமா குறையுது, லோடே இல்லாதப்பவும் ரோட்டார் கனமா சுத்துதுன்னா காயிலுக்குள்ள சுத்தும் சுத்தும் எனாமல் உரிஞ்சு ஷார்ட் ஆயிருக்கு, அந்த காயிலை மாத்தித்தான் ஆகணும்.

ஸ்டார்ல கட்டணுமா டெல்டால கட்டணுமா?

மெதுவா ஓடுறதுக்கு ஸ்டார். அதே வேகத்துல டெல்டாவை விட 1.732 மடங்கு வோல்டேஜ் அதிகம். டெல்டால (முனைக்கு முனை முக்கோணமா) கட்டினா மூணு ஃபேஸும் துளியாவது வித்தியாசமா இருந்தா உள்ளுக்குள்ளயே கரண்ட் சுத்திக்கிட்டு சூடாகும், கையால சுத்தின காயில்ல அந்த வித்தியாசம் இருக்கத்தான் செய்யும்.

லோடு இல்லாம கையால ஈஸியா சுத்துது, பல்பை மாட்டினதும் கனமாயிடுது, வோல்டேஜும் இறங்குது. ஏதாவது தப்பா?

தப்பே இல்ல, அதுதான் அது வேலை செய்யுதுங்கறதுக்கு சாட்சி. காயில்ல கரண்ட் ஓடினா அதுவும் ஒரு காந்தமாகும், வர்ற காந்தத்தை தடுக்குற பக்கமாதான் அது நிக்கும், லென்ஸ் 1834ல சொன்ன விதி. நீங்க அந்தத் தடுப்பை மீறி தள்ளுற வேலைதான் பல்புல வெளிச்சமா வருது. ஜெனரேட்டர்லேருந்து மோட்டாரை ஓட்டி அந்த மோட்டாராலயே ஜெனரேட்டரை சுத்தினா என்னன்னு கேக்குறவங்களுக்கும் இதேதான் பதில், பேரிங்லயும் வயர்லயும் போற நஷ்டத்தை கொடுக்க ஆளில்லாம அது கொஞ்ச நேரத்துல நின்னுடும்.

வோல்டேஜ் இறங்குறதுக்கு ரெண்டு காரணம். ஒண்ணு வேகமே குறையுது, இன்னொண்ணு மேல சொன்ன 0.23 ஓம்ல 10 ஆம்ப்ஸ் போனா ஒவ்வொரு ஃபேஸ்லயும் 2.3 வோல்ட் உள்ளயே தங்கிடுது.

வேகம் பத்தல, புல்லி போட்டு ஏத்திக்கலாமா?

ஏத்தலாம். பெரிய புல்லி 30 செ.மீ., சின்னது 6 செ.மீ.னா 5 மடங்கு ஆர்பிஎம். ஆனா பெரிய பக்கத்துல 5 மடங்கு அதிக திருகு விசை கொடுக்கணும், பெல்ட்லயும் கொஞ்சம் போயிடும். தண்ணி சக்கரம் மாதிரி விசை நிறைய இருக்குற இடத்துக்கு புல்லி நல்லா ஒத்து வரும். சின்ன காத்தாடிக்கு நான் வேணாம்னுதான் சொல்வேன், மெல்லிசா காத்து வர்றப்ப பெல்ட் உரசலே மொத்தத்தையும் தின்னுடும், அதுக்கு போலை ஏத்தறதுதான் சரி.

பழைய கார் ஆல்டர்னேட்டர் சும்மா கிடக்கு, காத்தாடில மாட்டலாமா?

அது பெரும்பாலும் 12 போல், ஆனா ஆயிரம் ஆர்பிஎம்முக்கு மேல போனாதான் சார்ஜே ஆரம்பிக்கும், இன்ஜினை விட ரெண்டு மூணு மடங்கு வேகமா சுத்துற மாதிரி புல்லி வச்சு டிசைன் பண்ணது. போதாததுக்கு அதுல நிலைக்காந்தம் கிடையாது, ரோட்டார் காயிலுக்கே 3, 4 ஆம்ப்ஸ் கொடுக்கணும், 40 வாட்ஸ் மாதிரி அங்கேயே போச்சு. மெல்லிய காத்துல காத்தாடி தர்றதே 20 வாட்ஸுக்குள்ளதான் இருக்கும்.

ஸ்டேட்டாரை (அசையாம நிக்கிற காயில் பாகம்) மூணு மடங்கு சுத்தோட, மூணுல ஒரு பங்கு பரப்பு வயர்ல ரீவைண்டிங் பண்ணா ஆரம்ப வேகம் மூணுல ஒண்ணா இறங்கும், அதிகபட்ச ஆம்ப்ஸும் அதே மாதிரி மூணுல ஒண்ணாயிடும். பவர் கேள்வில சொன்னதுதான் இங்கயும்.

சீலிங் ஃபேன் மோட்டாரை சுத்தினா கரண்ட் வருமா?

சாதாரண ஃபேன் இன்டக்ஷன் மோட்டார், உள்ள காந்தமே இல்ல, அப்படியே சுத்தினா ஒண்ணும் வராது. கெப்பாசிட்டர் சேர்த்து, ரோட்டார்ல மிச்சமிருக்குற கொஞ்சூண்டு காந்தத்தை வச்சு கிளப்ப முடியும், ஆனா லோடு கொஞ்சம் ஏறினாலும் பட்டுன்னு விழுந்துடும். பிஎல்டிசி ஃபேனா இருந்தா உள்ள காந்தம் இருக்கு, மூணு ஃபேஸும் இருக்கு, அது கத்துக்கறதுக்கு அருமையான ஜெனரேட்டர்.

வேகம் டபுள் ஆனா வோல்டேஜ் டபுள்னீங்க. அப்ப சைக்கிள் ஹப் டைனமோ இறக்கத்துல வேகமா போறப்ப பல்ப் ஏன் ஃப்யூஸ் ஆகல?

என்கிட்ட வந்ததுலயே எனக்கு ரொம்ப பிடிச்ச கேள்வி இது. ஹப் டைனமோல 26 அல்லது 28 போல் இருக்கும், மணிக்கு 15 கி.மீ. வேகத்துலயே சுமார் 28 ஹெர்ட்ஸ் வந்துடும். வேகம் ஏறினா காயில்ல உருவாகுற வோல்டேஜ் உண்மையிலேயே ஏறத்தான் செய்யுது. ஆனா இரும்புக் கோர் மேல நிறைய சுத்து இருக்குற காயிலுக்கு இன்டக்டன்ஸ் ரொம்ப அதிகம், ஹெர்ட்ஸ் டபுள் ஆனா அது கொடுக்குற தடையும் டபுள். தள்ளுறதும் டபுள், தடுக்குறதும் டபுள், அதனால கரண்ட் அரை ஆம்ப்ஸ் பக்கத்துலயே நின்னுடுது, பல்ப் தப்பிச்சுது. பல்பை கழட்டிட்டு அதே இறக்கத்துல மீட்டரை வச்சா 6 வோல்ட் எல்லாம் தாண்டி எங்கேயோ காட்டும்.

நம்ம காத்தாடி காயில்ல இரும்பு இல்ல, அதனால அங்க இந்தப் பாதுகாப்பும் இல்ல, பலத்த காத்துல தனியா ஒரு வழி வச்சுத்தான் ஆகணும்.

டீசல் கம்மியா ஆகட்டும்னு 1500 ஆர்பிஎம் செட்டை 1200ல ஓட்டினா என்ன?

ஹெர்ட்ஸ் 40 ஆயிடும். வோல்டேஜ் சரியாத்தான் காட்டுதேன்னு நினைப்பீங்க, ஏன்னா உள்ள இருக்குற ரெகுலேட்டர் வோல்டேஜை பிடிச்சு வைக்க ரோட்டார் காயிலுக்கு கரண்டை ஏத்திக்கிட்டே இருக்கும், நல்ல ரெகுலேட்டர்னா வேகம் குறைஞ்சதும் அதுவே வோல்டேஜை இறக்கிடும், மத்தது ரோட்டார் காயிலை எரிச்சிடும். 4.44 ஃபார்முலாவை திருப்பிப் பாருங்க, ஹெர்ட்ஸ் குறைஞ்சு வோல்டேஜ் அப்படியே நிக்கணும்னா ஃப்ளக்ஸ்தான் ஏறணும். வெளிய மாட்டியிருக்குற மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர் உள்ளயும் இதே கதைதான், இரும்பு நிரம்பி வழிஞ்சு சூடாகும்.

எரிஞ்சு போன மெஷின், பழைய வைண்டிங்ல எத்தனை சுத்துன்னு தெரியல. எப்படி கண்டுபிடிக்கிறது?

காயிலை இழுத்துப் போடுறதுக்கு முன்ன ஒரு பக்கத் தலையை மட்டும் நேரா வெட்டி, வெட்டின முகத்துல தெரியிற செம்புப் புள்ளிகளை எண்ணுங்க. ரெண்டு வயர் சேர்த்து சுத்தியிருந்தா பாதியாக்கணும், ஒரு ஸ்லாட்ல (இரும்புல காயில் உக்காருற பள்ளம்) ரெண்டு காயிலோட பக்கம் இருந்தா தனித்தனியா எண்ணணும். ஒரு காயிலோட நிறுத்தாம மூணு காயில் எண்ணி ஒத்துப் போகுதான்னு பாருங்க, எத்தனை ஸ்லாட் தாண்டி காயில் இறங்குதுங்கறதையும் குறிச்சு வச்சிடுங்க.

எல்லாத்தையும் யாரோ ஏற்கெனவே பிடுங்கி எடுத்துட்டாங்கன்னா, காலி ஸ்டேட்டார்ல பழைய காயில் உக்காந்திருந்த அதே இடைவெளில பத்து சுத்து டெஸ்ட் காயிலை இறக்குங்க, ரோட்டார் காயிலுக்கு வெளியேருந்து லோடு இல்லாதப்ப அதுக்கு வேண்டிய ஃபீல்டு கரண்டை (அதை காந்தமாக்குற கரண்ட்) கொடுத்து 1500ல ஓட்டி ஒரு சுத்துக்கு எவ்வளவு வோல்ட்னு அளந்துட்டு, அந்த மெஷினோட ஃபேஸ் வோல்டேஜை அதால வகுங்க. காயில் பல ஸ்லாட்ல பரவி இருக்கும்ங்கறதால வர்ற எண்ணிக்கையை விட சில சதவீதம் கூட்டித்தான் போடணும்.